ஃப்ரீசருக்குள் எடுத்த மார்க்கு

“ஸ்க்ரீனுக்கு முன்னால வெள்ளையா ஒரு பொகை வந்து வந்து போவுதே, அது என்னதாக்கும்?”

ரெனீஷ் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஜெபராணி கேட்ட முதல் கேள்வி இதுதான். திரையில் கொட்டை எழுத்தில் நாற்பத்திரண்டாயிரம் என்று ஒரு ஸ்கோர் நின்றதே, அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

“பொகையா? அது ஒண்ணுமில்ல பிள்ளே. நீ மார்க்கப் பாத்தியா?”

“மார்க்க பொறவு பாக்கேன். கம்ப்யூட்டரு தீப்பிடிச்சிட்டா?”

“தீயாம்! நல்லா கேட்ட. அது எனக்க மூச்சு.”

“மூச்சு எப்பிடி பொகையா வரும்? சிகரெட்ட நிறுத்திட்டேன்னு சத்தியம் பண்ணினியளே, மறுபடியும்...”

“ஃப்ரீசருக்குள்ள நிண்ணு எடுத்தேன். போருமா?”

துபாய் கராமாவில் அவள் வேலை பார்க்கிற கிளினிக்கின் மதிய இடைவேளை அது. காலை டூட்டி முடிந்து சாயந்தர டூட்டி தொடங்கும் வரை நர்ஸ்களுக்கு ஹாஸ்டலில் படுக்க விடுவார்கள். ஜெபராணி படுக்கமாட்டாள். அந்த நேரத்தில்தான் புருஷனிடம் பேசுவாள்.

கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது. அவளுக்கு துபாயில் வேலை, ஹாஸ்டலில் கட்டில். அவனுக்கு ராஸ் அல் கைமாவில் ஒரு குளிர்க்கிடங்கில் டெக்னீசியன் வேலை, கேம்பில் கட்டில். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் சந்தித்து, ஏதாவது ஒரு மாலில் குளிருக்கு நடுங்கிக்கொண்டே நடந்து, ஒரே தட்டில் பிரியாணி வாங்கித் தின்றுவிட்டு, பஸ் ஸ்டேஷனில் பிரிந்துவிடுவார்கள். காதலிக்கிற பிள்ளைகள் கூட இதைவிடக் கூடுதல் நேரம் சேர்ந்திருப்பார்கள் என்று ஜெபராணி ஒருமுறை சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த ஸ்கோரை வைத்துத்தான் ரெனீஷ் அந்தப் பிழைப்பை மாற்றப் பார்த்தான். பர் துபாயில் சாதிக் பாட்ஷா என்பவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். விளையாட்டுப் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கு மெஷின் பூட்டிக் கொடுக்கிற கடை. அங்கே ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு மெஷினின் கண்ணாடியிலும் அது எவ்வளவு வேகம் ஓடுகிறது, என்ன ஸ்கோர் எடுத்தது, வேகத்தை ஏற்றியவன் பெயர் என்ன என்று ஸ்டிக்கர் ஒட்டித்தான் விற்பார்கள். அப்படி ஏற்றுகிறவன் வேலைக்கு ஆள் தேவை, இன்ன ப்ராசஸரில் யார் அதிகம் காட்டுகிறீர்களோ வீடியோ அனுப்புங்கள் என்று அவர் விளம்பரம் போட்டிருந்தார். அதே ப்ராசஸர் ரெனீஷிடம் இருந்தது. இந்த வேலை கிடைத்தால் துபாய். துபாய் என்றால் இரண்டு பேருக்கும் ஒரு ரூம்.

“சரி, சொல்லுங்க. வீடியோவுல அஞ்சு புள்ளி எட்டுன்னு சொல்லுதியளே, அப்பிடின்னா என்ன? எனக்கும் வெளங்கட்டு.”

“ஒரு செக்கண்டுல ஐநூத்தி எண்பது கோடி துடிப்பு.”

“யேசுவே! நம்ம நெஞ்சு ஒரு நிமிஷத்துக்கே எழுவது எழுவத்தஞ்சு தானே.”

“டப்பாவுல அஞ்சு புள்ளி ரெண்டு வரைன்னு போட்டிருக்கு. நான் அத அஞ்சு எட்டுக்கு ஏத்தினேன்.”

“டப்பாவுல போட்டதுக்கு மேல ஏத்தினா அதுக்கு ஒண்ணும் செய்யாதா?”

“சூடாவும். வேகத்தக் கூட்டணும்னா கரண்டக் கூட்டணும். கரண்டு கூடினா சூடு கூடும். சூடு கூடினா அதுவே பயந்து வேகத்தக் கொறைச்சிரும், இல்லன்னா அப்பிடியே விறைச்சு நின்னுரும். அதுக்குத்தான் ஃப்ரீசரு. மைனஸ் பதினெட்டுல எப்பிடி சூடாவும்?”

“அப்பம் இந்த மார்க்கு கம்ப்யூட்டருக்க மார்க்கா, ஃப்ரீசருக்க மார்க்கா?”

“உனக்கு ஒண்ணும் வெளங்கல.”

“எங்க கிளினிக்குல காய்ச்சல் பாத்து எழுதும்போ, மாத்திரை குடுத்த பொறவு பாத்ததா, குடுக்காம பாத்ததான்னு பக்கத்துல எழுதணும். எழுதலைன்னா டாக்டரு கடிச்சித் தின்னுருவாரு.”

“இது காய்ச்சலு இல்ல. போன வை பிள்ளே, டூட்டிக்கு நேரமாச்சு.”

டூட்டிக்கு நேரம் நிறைய இருந்தது. அவனால் உட்கார்ந்து பேச முடியவில்லை, அவ்வளவுதான். பேசிய நேரமெல்லாம் கேம்ப் வராந்தாவை அளந்துகொண்டிருந்தவன், போனை வைத்த பிறகும் நிற்கவில்லை.

சாதிக் பாட்ஷா மறுநாளே கூப்பிட்டார்.

“நீதானா தம்பி அஞ்சு எட்டு? ஊரு எது?”

“குளச்சலு பாய்.”

“மீன்காரவுக ஊரு. நல்லது. நான் கீழக்கரை. பாரு தம்பி, முப்பது நாப்பது வீடியோ வந்திருக்கு. ஒன்னைத் தாண்டி ஒருத்தனும் இல்ல. வியாழக்கிழமை அஸர் தொழுகைக்கு முன்னாடி அந்த மெஷினைத் தூக்கிட்டு வா. என் கண்ணு முன்னாடி ஒரு தடவை ஓட்டிக் காட்டு. காட்டிட்டியன்னா கலாஸ், வேலை ஒனக்கு.”

“கடையிலயா பாய்?”

“பொறவு கடல்லயா? கடையிலதான். ஏன், ஏதாச்சும் பிரச்சினையா?”

“ஒண்ணுமில்ல பாய். வந்துருதேன்.”

ஒன்றுமில்லை என்று வாய் சொல்லிவிட்டது. கடையில் ஃப்ரீசருக்கு எங்கே போவது?

அன்று சாயந்தரமே கேம்ப் ரூமில் மெஷினை மேஜைமேல் ஏற்றினான். ஏசியை முடிந்த மட்டும் குறைத்தான். கூட இருக்கிற நேபாளக்காரர்கள் இருவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, “க்யா பாய், ஃப்ரீசர் இதர் லே ஆயா?” என்று, ஃப்ரீசரை இங்கேயே கொண்டுவந்துவிட்டாயா என இந்தியில் கேட்டார்கள். அஞ்சு எட்டு வைத்தான். திரை நீலமாகி அணைந்தது. அஞ்சு ஏழு. படம் பாதியில் உறைந்து நின்றது. அஞ்சு ஆறு. சோதனை முடியப்போகிற நேரத்தில் தானாகவே அணைந்து மறுபடி எழுந்தது. அஞ்சு ஐந்தில் ஓடியது. ஓடியது என்றுதான் பெயர். சூடு நூறைத் தொட்டதும் அதுவாகவே வேகத்தை இறக்கிக்கொண்டு முக்கி முனகி முடித்தது. மேலே எழுதியிருந்ததோ அஞ்சு ஐந்து. வந்த ஸ்கோர், பெட்டியில் வந்தபடியே விட்டிருந்தால் எவ்வளவு வருமோ அதற்கும் கீழே.

விசிறியை மாற்றினான். ப்ராசஸரின் சூட்டைக் கடத்துகிற களிம்பைத் துடைத்துப் புதிதாகப் பூசினான். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு மேஜை ஃபேனை நேராக உள்ளே திருப்பினான். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஏறியது. அஞ்சு மூன்றில் மட்டும் எத்தனை தடவை ஓடவிட்டாலும் முணுமுணுப்பில்லாமல் ஓடி முடித்தது. பெட்டியில் போட்டதை விட ஒரே ஒரு படி மேலே. அந்த ஒரு படியைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

புதன்கிழமை ஜெபராணி ஒரு குரல் பதிவை அனுப்பினாள். அவளுடையதல்ல. கராமாவில் தன் ஃப்ளாட்டில் ஒரு ரூமை வாடகைக்கு விடுகிற வதனா என்கிற யாழ்ப்பாணத்து அம்மாவுடையது.

“ஜெபராணிப் பிள்ளை, நான் சொன்னாப்போல நாளைக்குப் பின்னேரம் வரையும்தான் பாத்துக்கொண்டிருப்பன். வேற ஆக்களும் கேக்கினம். உங்கட அவருக்கு வேலை சரிவந்துதோ இல்லையோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. நான் கோவிக்க மாட்டன்.”

அதற்குக் கீழே ஜெபராணியின் ஒற்றை வரி: “என்ன சொல்லட்டு?”

“எடுக்கோம்னு சொல்லு” என்று தட்டினான். அழித்தான். “நாளைக்குச் சொல்லலாம்” என்று தட்டினான். அதையும் அழித்தான். கடைசியில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, குளிர்க்கிடங்கின் லோடிங் பக்கம் போனான். மறுநாளுக்கு அவன் லீவு சொல்லியிருந்தான். ஆனாலும் கால் அங்கேதான் போயிற்று.

அங்கே உறைமீன் வண்டி ஓட்டுகிற பொன்னுச்சாமி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பரமக்குடிப் பக்கத்துக்காரர்.

“அண்ணே, நாளைக்கு எங்க ஓட்டம்?”

“துபாய்தான். மதியத்துக்கு மேல ஓட்டலுக்கெல்லாம் எறால் எறக்கணும். ஏப்பா, ஒனக்கு லீவுல்ல?”

“வண்டி உள்ள மைனஸ் எவ்வளவு இருக்கும்?”

“கெடங்குல இருக்கிற அதே பதினெட்டு. நீதான தம்பி மெசினைப் பாத்துக்கிறவன், என்கிட்ட கேக்குற!”

ரெனீஷின் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. சோதனை ஓடுவது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. உறைந்த இரும்பு ஒரு நிமிஷத்தில் சூடாகிவிடாது. வண்டியிலிருந்து இறக்கி, கடைக்குள் கொண்டுபோய், பிளக்கைச் சொருகி, அந்த ஒரு நிமிஷம் தாங்கினால் போதும்.

“எறாலோட எனக்க கம்ப்யூட்டரையும் ஏத்தணும் அண்ணே.”

பொன்னுச்சாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “மீன் வண்டியில கம்ப்யூட்டரா? அது என்ன, கெட்டுப்போற சாமானா?”

“ஆமா. கெட்டுப்போற சாமான்தான்.”

“சூப்பர்வைசர் பாத்தான்னா என்னைய ஊருக்கு மூட்டை கட்டிருவான்டா.”

“கம்பளியில சுத்தி எறால் பெட்டிக்குப் பின்னால வச்சிருதேன். உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது.”

“கரைச்சல் எனக்கு ஒன்னையப் பாத்தாலே வருது. உக்காரு, நில்லு, ஒண்ணு செய்யி. பாக்குறவனுக்கு மயக்கம் வருதுல்ல!”

வியாழக்கிழமை வண்டி கிளம்பியதிலிருந்து ரெனீஷின் முழங்கால் ஆடியபடியே இருந்தது. ஜீன்ஸ் பையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக வந்தான். சாலையின் இரண்டு பக்கமும் மணல் வெந்துகொண்டிருந்தது.

“அண்ணே, கொஞ்சம் மிதிங்க.”

“மிதிச்சிட்டுத்தான இருக்கேன். இதுக்கு மேல கம்பெனிக்காரன் பூட்டுப் போட்டு வச்சிருக்கான். நூறத் தாண்டாது.”

“மீட்டர்ல நூத்தி எண்பது வரை போட்டிருக்கே!”

“போட்டுருக்கும். மீட்டர் செஞ்சவனுக்கு என்ன, நம்பரு எழுத வலிக்குமா? ஆமா, ஒன் கம்ப்யூட்டருல என்ன சமாச்சாரம்? எதுக்கு இந்த ஓட்டம்?”

ரெனீஷ் சொன்னான். தொடங்கினால் நிறுத்தாமல் சொல்லக்கூடியவன் அவன். பெட்டியில் இரண்டு எண் போட்டிருக்கும் என்றான். ஒன்று சும்மா நடக்கிற நடை, இன்னொன்று மூச்சைப் பிடித்து ஓடுகிற ஓட்டம். ஓட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக “வரை” என்று போட்டிருக்கும், அதை ஒருத்தனும் வாசிக்கமாட்டான் என்றான். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் வேலை வேகமாக முடியாது, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை செய்கிறது, உள்ளே எத்தனை பேர் சேர்ந்து செய்கிறார்கள் என்பதும் உண்டு, அதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் இந்த ஸ்கோர் என்றான்.

“அதாவது, பழைய வண்டியில நூறுல போனாலும் அம்பது பெட்டி, நம்ம வண்டியில எண்பதுல போனாலும் இருநூறு பெட்டிங்கிற மாதிரி.”

“அதேதான் அண்ணே!”

“சரி. நீ பூட்ட ஒடச்சு ஓட்டிப்புட்ட. எத்தனை தூரம் ஓடும்?”

“ஒரு நிமிசம் ஓடினாப் போரும்.”

“ஒரு நிமிசத்துக்கா ஒருத்தன் மெசினு வாங்குறான்?”

ரெனீஷ் சன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு வாயால் கேட்கிறார்கள். வேலை மட்டும் கிடைக்கட்டும். கிடைத்த பிறகு ஏசி ரூமில் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்றிக் கொடுத்தால் ஆகாதா? யாருக்கு என்ன நஷ்டம்? இப்படித் தனக்குத்தானே மூன்று தடவை சொல்லிக்கொண்டான். மூன்றாவது தடவை சொல்லும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. பொன்னுச்சாமி, “என்கிட்டயா சொன்ன?” என்றார்.

கடை இருந்த தெருவில் வண்டியை நிறுத்த இடமில்லை. முனையிலேயே பொன்னுச்சாமி பின்கதவைத் திறந்தார். வெள்ளையாக ஒரு மேகம் வெளியே உருண்டது. ரெனீஷ் கம்பளியோடு மெஷினைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். உறைந்த இரும்பு சட்டையைத் தாண்டிச் சுட்டது. ஆகஸ்ட் மாதத்து மூன்று மணி. காற்று ஈரத் துணியைப் பிழிந்து முகத்தில் போட்டது போல இருந்தது.

“ஓடு ஓடு! நான் எறால எறக்கிட்டு வாறேன்.”

ஓடினான். கடை வாசலில் நீல யூனிபாரமும் கைப்பையுமாக ஜெபராணி நின்றாள். மதிய இடைவேளையில் வந்திருந்தாள். அவன் வருவதைப் பார்த்ததும் சிரித்தாள், அருகே வந்ததும் மூக்கைப் பொத்தினாள்.

“என்னது, எறால் நாத்தம்?”

“அப்பறம் சொல்லுதேன். கதவத் திற, கதவத் திற!”

உள்ளே சாதிக் பாட்ஷா கல்லாவுக்குப் பின்னால் தயாராக இருந்தார். மேஜையைத் துடைத்து, திரையையும் பிளக்கையும் எடுத்து வைத்திருந்தார். ரெனீஷ் மெஷினை இறக்கிக் கம்பளியை உருவினான்.

உருவியவன் அப்படியே நின்றுவிட்டான்.

மெஷின் முழுக்க வெள்ளைப் பூ பூத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெள்ளை உருகி, முத்து முத்தாகத் தண்ணீராகி, ஒன்றோடொன்று சேர்ந்து வழியத் தொடங்கியது. ஃபேன் காற்று படட்டும் என்று பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டவன் அவன்தான். உள்ளே பச்சைப் பலகை நெடுகிலும் வேர்வை. நினைவுச் சில்லுகளின் இடுக்கில் வேர்வை. ப்ராசஸர்மேல் உட்கார்ந்திருந்த விசிறியின் தகடுகளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

தினமும் லோடிங் பக்கம் நின்று, “வெளிய வச்சுத் திறக்காதடே, வேர்த்துரும், அட்டை ஊறிரும்!” என்று தொண்டை கிழியக் கத்துகிறவன் அவன். கோழிப் பெட்டிக்கும் மீன் பெட்டிக்கும் தெரிந்த விஷயம் இந்தப் பெட்டிக்கு மட்டும் நினைவுக்கு வராமல் போனது எப்படி? ஏறுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன், கதவுக்கு வெளியே இருந்த ஊரை மறந்தே போனான்.

“என்னப்பா இது, கம்ப்யூட்டரைக் குளிப்பாட்டியா கொண்டாந்திருக்கே?” என்றார் சாதிக் பாட்ஷா.

“அது... வெளிய சூடு பாய். அதான்.”

“வெளிய சூடு எல்லாத்துக்கும்தான் சூடு. நானும் வெளியதான் போயிட்டு வாறேன். என் மேல ஐஸ் பூக்கலியே? சரி சரி, நேரமாவுது, பாங்கு சொல்லப் போறான். சொருகு. யல்லா.”

பிளக் அவன் கையில் இருந்தது. இப்போது சொருகினால், ஈரத்தில் கரண்டு பாய்ந்து எல்லாம் கருகிப்போகும். ஒருவேளை, ஒருவேளை, கருகாமல் ஒரு நிமிஷம் தாங்கினால்? காயும் வரை காத்திருந்தால் குளிர் போய்விடும். குளிர் போனால் அஞ்சு எட்டு போய்விடும். அஞ்சு எட்டு போனால் ரூம் போய்விடும். ஜெபராணியின் கையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து, எடுக்காமல், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வதனாவாகத்தான் இருக்கும்.

“சொருகப் போறியளா?” என்று மட்டும் கேட்டாள். சொருகு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“என்ன தம்பி, யல்லா!”

ரெனீஷ் பிளக்கை மேஜைமேல் வைத்தான்.

“இல்ல பாய். சொருகினா செத்துரும்.”

“அப்ப காய வச்சு ஓட்டு. நான் தொழுதுட்டு வந்துர்றேன்.”

“காஞ்சா ஓடும். ஆனா அஞ்சு எட்டு வராது.”

“ஏன் வராது? வீடியோல வந்துச்சே?”

“வீடியோ எங்க கிடங்குல ஃப்ரீசருக்குள்ள எடுத்தது. இப்பமும் மீன் வண்டியிலதான் கொண்டுவந்தேன், எறாலுக்க பக்கத்துல. ரூமுல வச்சா அஞ்சு மூணு. அதுக்கு மேல ஒரு ஊசிமுனை கூட நிக்காது.”

சாதிக் பாட்ஷா மெஷினிடம் குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிறு குலுங்க, கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அடப்பாவி! மைனஸ் பதினெட்டுல எடுத்த மார்க்கையா நான் ஸ்டிக்கர் அடிக்க இருந்தேன்! மாலுல பெங்குவின் வளக்கிறானுவள்ல, அதுகளுக்குத்தான் விக்கணும் அந்த மெஷினை!”

ரெனீஷின் காது மடல்கள் எரிந்தன. “மன்னிச்சிருங்க பாய். வாறேன்” என்று கம்பளியை எடுத்தான்.

“எங்க போறே? நில்லு. நேத்து ஒரு பையன் வந்தான், ஸ்ரீகாந்த்னு. இங்கேயே, இந்த மேஜையிலேயே, அஞ்சு ஆறு போட்டுக் காட்டினான். ஒன்னால முடியுமா?”

“ஏசிக்கு நேர வச்சா ஒரு தடவை முடியும். ரெண்டாவது தடவை சொல்ல முடியாது. அரை மணி நேரம் தொடர்ந்து விளையாடினா அணைஞ்சிரும்.”

“அவன் போட்டதும் அப்பிடித்தானா?”

“அது எனக்குத் தெரியாது பாய். ஏசிய அணைச்சுப் போட்டு ஓட்டிப் பாத்தாத் தெரியும்.”

“ஏசிய அணைச்சா கஸ்டமரு ஓடிருவான்!” என்று சாதிக் பாட்ஷா கையை விரித்தார். ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பின்பக்கத்துக் கதவைத் திறந்தார். “இங்க வா. இதைப் பாரு.”

பின்னறையில் தரையிலும் அலமாரியிலுமாக மெஷின்கள் அடுக்கிக் கிடந்தன. எல்லாவற்றிலும் ஸ்டிக்கர். அஞ்சு ஆறு, அஞ்சு ஏழு, பெயர்கள்.

“எல்லாம் திரும்பி வந்தது. அஜ்மான்லேருந்து, ஷார்ஜாலேருந்து, அல் அய்ன்லேருந்து. கடையில ஓடுச்சு, வீட்டுல ஓடலங்கிறான். ஒண்ணு பாதி வெளையாட்டுல அணையுதாம். ஒண்ணு தொடங்கவே மாட்டேங்குதாம். இதுக்கு முன்னாடி இருந்தவன் ஏத்தி ஏத்தி ஸ்டிக்கர ஒட்டிட்டு, கத்தார்ல வேலை கெடச்சுதுன்னு போயிட்டான். ஸ்டிக்கர் இல்லாம விக்கலாம்னா, பக்கத்துக் கடைக்காரன் ஒட்டுறானே! பெரிய நம்பரு இல்லாட்டி பிள்ளைங்க உள்ள காலே வைக்காதுக.”

“அப்பம்?”

“அப்பம் என்ன, ஏத்துற வேலை ஸ்ரீகாந்துக்குத்தான். அவன் நம்பரு காட்டினான், எனக்கு நம்பரு வேணும். நீ இந்த ரூம்ல உக்காரு. திரும்பி வர்றதையெல்லாம் ஒவ்வொண்ணா எறக்கி, எதுல நிக்குதோ அதுல நிறுத்தி, ஒரு பகல் பூரா ஓடவிட்டுப் பாத்து, அனுப்பு. இங்க ஏசி பேருக்குத்தான் இருக்கு, ஒனக்கு வசதி. அவன் ஏத்துவான். நீ எறக்கணும்.”

“இதுல பேரு ஒட்டுவியளா பாய்?”

கேட்ட பிறகுதான் கேட்டது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் என்று ரெனீஷுக்கே தோன்றியது.

“கொறைச்சவன் பேரை எவனாச்சும் ஒட்டுவானா? பேரெல்லாம் மாஃபி, கெடையாது. விசா, இன்சூரன்ஸ், வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு. இஷ்டம்னா சொல்லு, இஷ்டமில்லன்னா ஒன் மெஷினைத் தூக்கு, எனக்குத் தொழப் போவணும்.”

ரெனீஷ் பின்னறைக்குள் ஒரு நடை நடந்தான். நாலு எட்டில் சுவர் வந்துவிட்டது. திரும்பி நடந்தான். ஒரு பகல் முழுக்க ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்து, அது அணைகிறதா அணையவில்லையா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவனா, ஒரு இட்லி தின்னக்கூட உட்காராத அவனா! அதுவும் இன்னொருத்தன் ஏற்றி வைத்ததை இறக்குவதற்கு. அஞ்சு எட்டு காட்டியவன் அவன். ஃப்ரீசரோ நெருப்போ, காட்டியவன் அவன்.

“நான் ஏத்துறவன் பாய்” என்றான், பாதி வாய்க்குள்ளேயே.

“அது எனக்குத் தெரியும். எதுவரைக்கும் ஏத்தினா எங்க விழும்னு ஒனக்குத் தெரியுது. ஏத்துற எல்லாருக்கும் அது தெரியாது.”

ஜெபராணி பின்னறை வாசலில் வந்து நின்றாள். போன் மறுபடி அதிர்ந்தது. அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். டூட்டிச் செருப்போடு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள். அவளாலும் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை என்பதை அன்றுதான் கவனித்தான்.

“சரி பாய். நோட்டீஸ் குடுத்துட்டு வாறேன்.”

“கலாஸ். அந்த எறால் மெஷினை இங்கேயே விட்டுட்டுப் போ. ரெண்டு நாள் தொடாதே, காயட்டும். தொட்டியன்னா கைய ஒடிச்சிருவேன்.”

சாதிக் பாட்ஷா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வேகமாக வெளியேறினார். ஜெபராணி போனைக் காதில் வைத்தாள். எதிர்முனைக் குரல் அவனுக்கும் கேட்டது.

“வதனாக்கா, எடுக்கோம். ஆமா, ரெண்டு பேரும்தான்.”

“அப்ப அவருக்கு வேலை சரி எண்டு சொல்லுங்கோ! நல்லது பிள்ளை. என்ன வேலை?”

“கம்ப்யூட்டரு வேலைக்கா.”

“நீங்கள் அண்டைக்குச் சொன்னதுதானே? அந்த வேகத்தைக் கூட்டிற வேலை?”

“இல்லக்கா. கொறைக்கிற வேலை.”

“அதுக்கும் ஒராள் தேவையோ?”

ரெனீஷுக்குப் பொறுக்கவில்லை. “இஞ்ச தா, நான் வெளக்கமா சொல்லுதேன்” என்று போனுக்குக் கை நீட்டினான். ஜெபராணி தரவில்லை. அவன் கையை ஒதுக்கிவிட்டு, கடைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, வெயிலில் இறங்கி நடக்கத் தொடங்கினாள்.

“அவிய பொறவு பேசுவாவக்கா. ரூமுல சன்னல் உண்டுமா? எந்தப் பக்கம் பாத்து இருக்கு?”